ஆலைச் சங்கும் ஆசியக் கோப்பையும்

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு

கல்லூரி மலர் என்றவுடன் கவிதையும் கதையும் பயணக் கட்டுரையும் குவிந்துவிடும். எனக்குக் கவிதை வராது. கதை கட்டவும் தெரியாது. தெரிந்தது ஒன்றே: பந்து. அந்தப் பந்தைப் பற்றி எழுதலாமா என்று எங்கள் துறைப் பேராசிரியரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "வரலாறு என்பது அரசர்கள் போரிட்டது மட்டும்தானா? உழைப்பவன் ஓய்வு நேரத்தில் என்ன செய்தான் என்பதும் வரலாறுதான். எழுது" என்றார். அந்தச் சொல் தந்த துணிவில் எழுதுகிறேன்.

இன்று ஆசியக் கண்டத்தின் சிறந்த கால்பந்தாட்டக் கழகம் எது என்பதைக் கோடிக்கணக்கான பணம் புழங்கும் போட்டிகள் தீர்மானிக்கின்றன. இந்தப் போட்டியின் தொடக்கம் மிக எளியது. 1954-இல் மணிலாவில் ஆசியக் கால்பந்து கூட்டமைப்பு தோன்றியது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1967-இல், நாட்டுக்கொரு வெற்றியாளர் அணியைத் திரட்டி பாங்காக்கில் முதல் போட்டியை நடத்தினார்கள். இஸ்ரேலின் ஹாப்போயல் டெல் அவிவ் அணி, மலேசியாவின் சிலாங்கூர் அணியை இறுதி ஆட்டத்தில் 2-1 என்று வென்றது. இரண்டாவது போட்டி 1969 ஜனவரியில் மீண்டும் பாங்காக்கில் நடந்தது. நம் சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' என்று பெயர் பெற்றதும் அதே மாதத்தில்தான், 14-ஆம் நாள்!

அந்த 1969-ஆம் ஆண்டுப் போட்டியில் ஆடிய அணிகளின் பெயர்களைப் படித்துப் பாருங்கள். ஜப்பானிலிருந்து தோயோ கோக்யோ. இது ஹிரோஷிமாவின் மோட்டார் வாகன ஆலை. மாஸ்டா கார் என்றால் நமக்குப் புரியும். ஹாங்காங்கிலிருந்து கவுலூன் மோட்டார் பஸ். பெயரே சொல்கிறது, பேருந்து நிறுவனத்தின் அணி. தாய்லாந்திலிருந்து பாங்காக் வங்கி. தென் வியட்நாமிலிருந்து காவல்துறை அணி. தென்கொரியாவிலிருந்து யாங்ஜி, அது அந்நாட்டு உளவுத்துறை நடத்திய அணி. 1966 உலகக் கோப்பையில் வடகொரியா இத்தாலியை வீழ்த்தியதும் தென்கொரியாவுக்கு வந்த ரோஷத்தில் பிறந்தது. அதற்கு முந்தைய போட்டியில் கொரியாவின் சார்பில் ஆடியதோ டங்ஸ்டன் சுரங்க நிறுவனத்தின் அணி!

ஆம், நண்பர்களே! ஆசியாவின் வெற்றிக் கழகங்கள் என்று அன்று அழைக்கப்பட்டவர்களில் பலர் கார் செய்பவர்கள், பேருந்து நிறுவனத்தார், வங்கி ஊழியர்கள், காவலர்கள், சுரங்க நிறுவனத்தார்.

இந்தியாவிலிருந்து சென்றது யார்? மைசூர் மாநில அணி. கழகங்களின் போட்டிக்கு ஒரு மாநிலம் ஏன் சென்றது என்று கேட்கலாம். அன்று நம் நாட்டில் தேசிய லீக் என்று ஒன்று கிடையாது. அது 1996-97-இல்தான் வந்தது. நாடு முழுவதற்கும் பொதுவான பெரும்போட்டி, மாநிலங்கள் மோதும் சந்தோஷ் கோப்பைதான். மைசூர் 1967-68, 1968-69 என்று அடுத்தடுத்து இருமுறை அதை வென்றிருந்தது. (அந்த மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாறியது 1973-இல்.) மலேசியாவும் அப்படித்தான். சிலாங்கூரும் பேராக்கும் மாநில அணிகளே. நம் தோட்டத் தமிழர்கள் நிறைந்து வாழும் மாநிலங்கள்.

மைசூர் அணி என்றால் அது பெரும்பாலும் பெங்களூர் அணி. பெங்களூரில் ஹெச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற ஆலைகளுக்கெல்லாம் அணிகள் இருந்தன. அல்சூர் கௌதமபுரம், ஆஸ்டின் டவுன் முதலிய பகுதிகளில் தெருவுக்குத் தெரு பந்து உருண்டது. அங்கெல்லாம் கேட்கும் மொழி தமிழ். கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள்! அந்த மைசூர் அணிதான் பாங்காக்கில் களமிறங்கியது. இறுதியில் மக்காபி டெல் அவிவ் அணி யாங்ஜியை 1-0 என வென்று கோப்பையைப் பெற்றது. தோயோ கோக்யோ மூன்றாமிடம் பெற்றது.

இவையெல்லாம் எனக்கு எப்படித் தெரிய வந்தன? நூலகத்தில் தேடியது பாதி. மீதிப் பாதி என் தாத்தா.

தாத்தா பூந்தமல்லிக்காரர். 1967-இல் அம்பத்தூரில் ஓர் ஆலையில் பிட்டராகச் சேர்ந்தார். ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். வேலை கிடைத்தது எப்படி என்பதுதான் முக்கியம். வில்லிவாக்கத்தில் நடந்த ஒரு போட்டியில் இவர் இடப்புறத் தடுப்பாளராக ஆடியதைப் பார்த்த ஆலை அதிகாரி ஒருவர், "திங்கட்கிழமை கேட்டுக்கு வா" என்றாராம். வந்தார். நிரந்தர வேலை. மாலை நான்கு மணிக்குச் சங்கு ஊதியதும் அணியினருக்குக் கேண்டீனில் இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும். பிறகு ஆலைக்குப் பின்புறமிருந்த திடலில் இருட்டும் வரை பயிற்சி. அந்த இரண்டு முட்டையைப் பற்றித் தாத்தா பேசும்போது, அரண்மனை விருந்தைப் பற்றிப் பேசுகிறாரோ என்று தோன்றும்.

அன்றைய நம் பகுதியைச் சற்றே நினைத்துப் பாருங்கள். 1955-இல் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானித்தது. அதற்கு முன்பே, 1949-இல், அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலை வந்துவிட்டது. 1959-இல் டன்லப் வந்தது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை; அங்கிருந்து 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. கிழக்கே பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டித் தொழிற்சாலை. ஏரியும் வயலும் தோப்புமாக இருந்த ஊர்களுக்குச் சங்கொலி வந்து சேர்ந்தது. அந்தச் சங்கொலிக்குப் பின்னே பந்தும் வந்தது.

"அந்தக் காலத்துல ஆட்டம்னா ஆலைங்கதான் கண்ணு. ஐ.சி.எப். டீம் வருதுன்னா கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துல உக்கார எடம் கெடைக்காது" என்பார் தாத்தா. மைசூர் அணி பாங்காக் சென்ற செய்தியை அவர் நாளிதழில் படித்தாராம். தோயோ கோக்யோ என்னும் பெயர் வாயில் நுழையவில்லை. உடன் வேலை செய்த ஒருவர், "அது கார் செய்யற கம்பெனிப்பா" என்று விளக்கியிருக்கிறார். தாத்தாவின் அணிக்கு அன்று ஒரே பேச்சு அதுதானாம். "கார் செய்யறவன் பாங்காக் போறான். நாம ஏன் போகக் கூடாது? சிரிக்காதே கண்ணு. நாங்க நெஜமாவே பேசிக்கிட்டோம்" என்பார்.

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கனவு அத்தனை தொலைவில் இருக்கவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்தவர் தமிழரான சைமன் சுந்தர்ராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரை அதுதான்! 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் தங்கராஜ், பலராம், அருமைநாயகம் என்று நம் காதுக்கு இனிய பெயர்கள் இருந்தன. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் ஜப்பானை வீழ்த்தி இந்தியா வெண்கலம் பெற்றது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அந்த ஜப்பான் மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றிருந்தது! ஜப்பானும் நாமும் ஒரே படியில் நின்ற காலம் அது.

கழகப் போட்டியிலும் இந்தியா முன்னேறியது. 1970 ஏப்ரலில் தெஹ்ரானில் நடந்த மூன்றாவது போட்டிக்கு, சந்தோஷ் கோப்பை வென்ற மேற்கு வங்கம் சென்றது. அரையிறுதியை எட்டியது. அங்கே தெஹ்ரானின் தாஜ் அணியிடம் தோற்று, நான்காமிடம் பெற்றது. லெபனானின் ஹோமெனெட்மென் அணி, இஸ்ரேலிய அணியுடன் ஆட மறுத்து அரையிறுதியைக் கைவிட்டது. இறுதியில் தாஜ், ஹாப்போயலைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றது. 1971-இல் பஞ்சாப் அணி பாங்காக் சென்றது. அவ்வாண்டு ஈராக்கின் காவல்துறை அணி இறுதி ஆட்டத்தையே ஆட மறுக்க, மக்காபி டெல் அவிவ் களமிறங்காமலே கோப்பையைப் பெற்றது. 1972-ஆம் ஆண்டுப் போட்டி ரத்தாயிற்று. பிறகு 1985 வரை ஆசியக் கழகங்களுக்குப் போட்டியே இல்லை. அரசியல் களத்தில் இறங்கிவிட்டால் பந்து என்ன செய்யும், பாவம்!

மீண்டும் போட்டி தொடங்கிய போது, 1986-இல் கோப்பையை வென்றது ஜப்பானின் புருகாவா மின் நிறுவன அணி. அதுவும் ஓர் ஆலை அணிதான்! 1993-இல் ஜப்பானியர் ஒரு காரியம் செய்தார்கள். ஆலை அணிகளைக் கலைக்கவில்லை. அவற்றை ஊருக்கு உரியவை ஆக்கினார்கள். தோயோ கோக்யோ அணி ஹிரோஷிமாவின் அணி ஆயிற்று. மிட்சுபிஷி அணி உராவா ஊரின் அணி ஆயிற்று. ஆலையின் பெயர் பின்னே போயிற்று, ஊரின் பெயர் முன்னே வந்தது. ஆட்டக்காரனும் ரசிகனும் திடலும் அப்படியே இருந்தார்கள்.

நம் பக்கம் என்ன நடந்தது? தாத்தாவின் ஆலையில் 1990-களில் நிர்வாகம் கைமாறியது. ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது, திடலில் கல்தூண்கள் நடப்பட்டிருந்தனவாம். கிடங்கு கட்டப் போகிறார்களாம். அணியைக் கலைப்பதாக யாரும் அறிவிக்கவில்லை. திடல் போயிற்று, அதனால் அணியும் போயிற்று. பந்துகளும் சட்டைகளும் இருந்த மர அலமாரியை ஸ்டோர்ஸில் ஒதுக்கி வைத்தார்கள். தாத்தா தம் சட்டையை மட்டும் கேட்டு வாங்கி வந்தார். முதுகில் 3 என்னும் எண். சாயம் போய்விட்டது. வீட்டில் இன்றும் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்குக் கால்பந்தில் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சந்தோஷ் கோப்பையை நாம் ஒருமுறையும் வென்றதில்லை; 2012-இல் இறுதி ஆட்டம் வரை சென்று சர்வீசஸ் அணியிடம் தோற்றோம். ஆனால் தாத்தாவின் கனவு வேறு வடிவத்தில் பலித்தது. 2019-இல் சென்னையின் எப்.சி. ஆசியக் கூட்டமைப்புக் கோப்பையில் ஆடியது. கொழும்பு அணியை வென்று பிரிவுச் சுற்றுக்குள் நுழைந்தது. சென்னையின் அணி தன் சொந்த ஊர் ஆட்டங்களை ஆடியதோ அகமதாபாத்தில்! அதே 2019-இல் கோவையில் ஆடிவந்த சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டத்தை வென்றது. 2020 ஜனவரி 14, போகியன்று, ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றது. தாத்தா அன்று பழைய பாயைக்கூடக் கொளுத்த விடாமல் செய்திக்குக் காத்திருந்தார். "போயிட்டு வந்தாங்க இல்ல, அது போதும்" என்றார். இன்று அந்தச் சென்னை சிட்டி அணி ஐ-லீக்கிலும் இல்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு விடுமுறையில் ஒரு நிறுவனத்திற்கு வேலை கேட்டுப் போனேன். வீட்டு நிலை அப்படி. தாத்தாவைப் போலவே, கல்லூரி அணியில் ஆடுகிறேன் என்பதை விண்ணப்பத்தில் முதலில் எழுதியிருந்தேன். எதிரே இருந்தவர் கெட்டவர் அல்லர். படித்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இங்கே பதினோரு மாத ஒப்பந்தம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இதுல பந்து எங்க ஆடப் போற?" என்றார். வெளியே வந்தேன். திருமுல்லைவாயில் நிலையத்தில் மூன்று ரயில்களை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். தாத்தாவுக்கு ஒரு வாழ்க்கையையே கொடுத்த பந்து, எனக்கு விண்ணப்பத்தில் ஒரு வரியாகக்கூட உதவவில்லை. ஆட்டத்தை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டில் சொன்னபோது தாத்தா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார்.

இரண்டு ஞாயிறு கழிந்தது. ஒருநாள் காலை அயப்பாக்கம் பக்கம் வண்டியில் போனபோது, வேலி போட்ட வெற்று மனை ஒன்றில் இருபது இருபத்தைந்து பேர் பந்தாடிக்கொண்டிருந்ததைக் கண்டேன். வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த இளைஞர்கள். அசாம், ஒடிசா, மணிப்பூர், வங்கம். செங்கல்லை வைத்து கோல் எல்லை. ஒரு பக்கம் நீலச் சட்டை, மறுபக்கம் சாம்பல் சட்டை. உற்றுப் பார்த்தேன். அவை அவர்கள் ஆலைகளில் கொடுத்த பனியன்கள்! முதுகில் நிறுவனங்களின் பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தன.

அப்படியே நின்றுவிட்டேன். ஆலை அணிகள் அழிந்துவிட்டன என்றல்லவா நாங்கள் நினைத்திருந்தோம்? அழியவில்லை. ஆலைகளுக்கே தெரியாமல், முட்டையும் பாலும் இல்லாமல், ஷிப்ட் முடிந்த கையோடு அவர்கள் அணிகளாக வந்து நிற்கிறார்கள்.

ஒருவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். ஆள் குறைகிறது என்பதைச் சொல்ல மொழி தேவைப்படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். இடப்புறத் தடுப்பில் நிறுத்தினார்கள்.

அடுத்த ஞாயிறு தாத்தாவையும் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போனேன். எல்லைக்கோட்டில் நின்றார். எழுபத்தொன்பது வயது. முதல் பத்து நிமிடம் வாய் திறக்கவில்லை. பிறகு, மணிப்பூர்ப் பையன் ஒருவன் இடப்புறமாகப் பந்தைக் கொண்டு ஓடியபோது, "குறுக்கே போடாதே! கோட்டோடயே போ! போ!" என்று கத்தினார். தமிழ் அறியாத அந்தப் பையன் கோட்டோடயே போனான்! ஆட்டம் முடிந்ததும் அவர்கள் எல்லோரும் தாத்தாவைச் சூழ்ந்துகொண்டு தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். திரும்பும் வழியில், "அந்தப் பசங்களுக்கு எடுத்துக் கட்ட ஆளில்ல கண்ணு. அவ்வளவுதான் குறை" என்றார் தாத்தா. வீட்டுக்கு வந்து என் பூட்சைத் தாமே துடைத்து வாசலில் வெயிலில் வைத்தார். நானும் எடுத்து உள்ளே வைக்கவில்லை.

பந்து இனி எனக்கு வேலை வாங்கித் தராது. அது எனக்குத் தெரியும். வேலையை வேறு வழியில் தேடிக்கொள்கிறேன். ஆனால் வேலை வாங்கித் தருவது மட்டுமே அதன் பயன் என்று எண்ணியிருந்தால், தாத்தா அந்தச் சாயம்போன சட்டையை எதற்காகக் கேட்டு வாங்கி வந்திருப்பார்? ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஆலைத் தோழர்கள் கூடி நின்று பாங்காக்கைப் பற்றிப் பேசிய அந்த மாலைப் பொழுது, அவருடைய சம்பளச் சீட்டு எதிலும் இல்லை. ஆனால் அவர் இன்றும் மறக்காமல் சொல்வது அதைத்தான்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். நம் கல்லூரித் திடல் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாதான் கிடக்கிறது. இரண்டு கோல் கம்பங்கள் இருக்கின்றன. வலை கிழிந்திருக்கிறது, தைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கொருமுறை, மே தினத்தை ஒட்டி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆலைத் தொழிலாளர்களுக்காக நாம் ஒரு போட்டி நடத்தினால் என்ன? ஒப்பந்தத் தொழிலாளி, நிரந்தரத் தொழிலாளி என்ற பேதமில்லாமல், எந்த மொழி பேசுபவரும் ஆடலாம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கோடு போடட்டும். உடற்கல்வி இயக்குநர் ஊதலை ஏந்தட்டும். ஓய்வுபெற்ற பழைய ஆலை ஆட்டக்காரர்கள், இன்னும் நம் தெருக்களில் இருப்பவர்கள், பயிற்சியாளர்களாக வரட்டும். ஒருவர் வருவார் என்பதற்கு நான் பொறுப்பு.

தங்கக் கோப்பை வேண்டாம். வெற்றி பெற்ற அணிக்குத் தலைக்கு இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால். அது போதும்.